திருப்பி அனுப்பிய போர்வெல் வண்டி

அன்புள்ள கண்ணு,

நீ கோயமுத்தூரில் விமானம் ஏறிவிட்டாய் என்பதை உன் சிநேகிதன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. நான் அப்போது வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தேன். சரி என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு சில தடவை போன் செய்தேன். நீ எடுக்காமல் இல்லை. டூட்டியில் இருப்பதாகச் சொன்னாய், அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னாய். குரலில் மரியாதை இருந்தது. கோபமாக இருக்கும்போதுதான் நீ என்னிடம் அத்தனை மரியாதையாகப் பேசுவாய். போனில் இதைப் பேசினால் பாதியிலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றாலும், இத்தனை வருடமாக நான் எழுதியதெல்லாம் பஞ்சாயத்து ஆபீசுக்கு மலையாளத்தில் மனுக்கள்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எனக்காக வரவழைத்த போர்வெல் வண்டியை ஊரார் முன்னால் நான் திருப்பி அனுப்பினேன். அன்று நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "உனக்கு ஊரு பெருசா, நான் பெருசா?" அடுப்பில் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். வாசலில் நின்று ஒரு வரியில் சொல்லக்கூடிய பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் ஒரு வரியில் வராது. பொறுமையாகப் படி.

நீ ஏன் அந்த வண்டியைக் கொண்டுவந்தாய் என்று எனக்குத் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உனக்குப் பெண் தருவதாகச் சொன்னவர்கள் வீடு பார்க்க வந்தார்களே, அன்று பெண்ணின் அம்மா பேச்சோடு பேச்சாகக் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். அன்று நம் தெருவுக்குத் தண்ணீர் முறை இல்லை. குழாய் கொஞ்சம் காற்றை விட்டுச் சத்தம் போட்டு நின்றது. அவர் மூடிவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார், ஈரமே படாத கையை. நீ ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் எப்படிச் சுருங்கியது என்பதை நானும் பார்த்தேன். மறுநாள் காலையில் நான் பொதுத்தொட்டியிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு வந்தபோது நீ எதிரே வந்து வாங்கிக்கொண்டாய். அப்போதே நீ மனதுக்குள் முடிவு செய்திருப்பாய். அப்பா இல்லாத வீட்டில் அம்மா குடம் தூக்கக் கூடாது, வருகிறவளும் தூக்கக் கூடாது. ஒரு மகன் இப்படி நினைப்பதில் தப்பு என்ன இருக்கிறது? அந்த நினைப்புக்காக நான் உன்னைப் பற்றிப் பெருமைப்படாமல் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

துபாயில் உன்னோடு இருப்பவர்கள் கேரளா என்றால் மழை என்றுதான் நினைப்பார்கள். மாநில எல்லையில் இருக்கிற நம் பெருமாட்டிப் பக்கம் ஒரு சித்திரை மாதம் வந்து பார்த்தால் அப்படிப் பேசமாட்டார்கள். மேற்கே கொட்டித் தீர்த்த மழையில் மிஞ்சியது நமக்கு, கிழக்கே பெய்ததில் சிதறியது நமக்கு. அந்த மிச்சத்தையும் சிதறலையும் வைத்துத்தான் இங்கே நெல்லும் தென்னையும் விளைந்தன. ஆனி ஆடியில் நின்று தூறும். ஐப்பசியில் இடியோடு பெய்யும். நீ பள்ளிக்கூடம் போன காலம்வரை நம் கிணறு வற்றி நீ பார்த்ததில்லை. பிறகு மழை பெய்யும் விதம் மாறியது. ஒரு மாதம் நின்று பெய்ய வேண்டியது ஒரு வாரத்தில் கொட்டிவிட்டு ஓடியது. ஓடிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. அடுத்த மழைக்குள் வெயில் மாதக்கணக்கில் நின்றது. ஒரு வருடம் இரண்டு பருவமும் சேர்ந்து பொய்த்தது. அந்த மாசியில் நம் கிணற்றுக்குள் இறங்கிய வாளி அடிக்கல்லில் மோதிச் சத்தம் போட்டது. அப்பா கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்து இடம் குறித்தார். திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்தது. முதல் போரில் தண்ணீர் வந்தது. நீயும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் குதித்து ஆடினாய், நினைவிருக்கும். அடுத்த கோடையில் உன் பெரியப்பா பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் ஆழமாகப் போட்டார். நம் மோட்டார் காற்றை இழுத்தது. அப்பா அதைவிட ஆழமாகப் போட்டார். வந்தது வெள்ளைப் புகை மட்டும். கல்லை அரைத்த மாவு. தென்னை மட்டையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயிற்று. வண்டிக்காரர்கள் குழாயைக் கழற்றி அடுக்கும்வரை அப்பா அந்தப் புகைக்குள்ளேயே நின்றார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயலுக்குள் இறங்கி நடந்தார். யார் மேல் தப்பு என்று அப்போது நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் தென்னை காய்ந்தது. பூமிக்கு அடியில் இருந்தது ஒரே தண்ணீர்.

நீ துபாய்க்குப் போன வருடம்தான் லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. அதை நீ பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது. வாய்க்கால் மேட்டில் லாரி நின்றதும் ஊரே ஓடும். உறவு, மரியாதை, வயது எதுவும் அந்த நேரத்தில் கிடையாது. ஒருநாள் நெரிசலில் மயிலாத்தாளின் கை முறிந்தது. கீழ்த்தெருவில் கடைசி வீட்டு மயிலாத்தாளை உனக்குத் தெரியும். புருஷன் இல்லாமல், இரண்டு பசுமாட்டை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி மகளை வளர்த்தவள். அவளை யார் தள்ளியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அவள் எப்படிப் பால் கறப்பாள்? கை கூடும்வரை நான் போய்க் கறந்து கொடுத்தேன். ஒன்று செவலை, இன்னொன்று காரி. செவலை யாரையும் பக்கத்தில் விடாது. மயிலாத்தாள் ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பாள், நான் கீழே உட்கார்ந்து கறப்பேன். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாக ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். இப்படியே போனால் அடுத்த வருடம் கை, அதற்கடுத்த வருடம் கழுத்து என்று அவள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அயல்கூட்டத்துப் பெண்கள், எங்கள் மகளிர் குழுதான், மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். ஆண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அன்று ஊரில் தண்ணீர் இருந்த போர்கள் மூன்றுதான். அதில் பெரியது உன் பெரியப்பாவுடையது. அந்தக் கோடையில் அவர் லாரிக்காரர்களுக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் வந்தார், கடைசி ஆளாக, துண்டைக்கூடத் தோளில் போடாமல். அவர் மோட்டாரும் முந்தின வாரம் சேறு கலந்து இறைக்கத் தொடங்கியிருந்தது. நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தித்தான் தண்ணீர் வந்தது. அவர் எழுந்து சொன்னது இவ்வளவுதான்: "என்ற போரும் போயிருமுங்க. போனா நானும் கொடத்தோட உங்ககூடத்தான் நிக்கோணும். அதுக்கு முன்னாடியே ஏதாச்சும் பண்ணிப்போடலாம்." அவர் பயத்தில்தான் வந்தார், கண்ணு. பெருந்தன்மையில் வரவில்லை. அதனால் அந்தப் பேச்சின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் பயம்தான். மனசு மாறி நல்லவர்களாகட்டும் என்று காத்திருந்தால் ஊரில் ஒரு உயிரும் மிஞ்சியிருக்காது.

அன்றைக்கும் அதற்குப் பிறகு பல நாளும் பேசிப் பேசி ஊர் ஒரு பேச்சுக்கு வந்தது. இனி யாரும் புதுப் போர் போடுவதில்லை. மூன்று போரும் முதலில் பொதுத்தொட்டியை நிரப்ப வேண்டும், குடிதண்ணீர் போக மிச்சம்தான் வயலுக்கு, அதுவும் முறை வைத்து. கோடையில் நெல் இல்லை. உளுந்து, கொள்ளு, நிலக்கடலை. நூறுநாள் தொழிலுறப்பு வேலையில் ஊர்க்குளத்தைத் தூர் வாரினோம். கூரையில் விழுகிற தண்ணீரையும் வயலில் ஓடுகிற தண்ணீரையும், ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாக, வற்றிப்போன கிணறுகளுக்குள் இறக்கினோம். தென்னை மூட்டில் தேங்காய் மட்டையைப் புதைத்தோம், ஈரம் நிற்கும் என்று. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கீழ்த்தெருவுக்கும் அதே தொட்டியிலிருந்து அதே குழாய் என்றபோது சிலர் எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வர ஒரு கோடை ஆயிற்று. தாகம்தான் கூட்டி வந்தது. உன் அப்பா நெல்லை விட மாட்டேன் என்றார். நானும் அவரும் அதற்காகப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. கடைசியில் ஒருநாள் விதைநெல்லை எடுத்து அரைத்துச் சோறாக்கச் சொன்னார். நான் ஆக்கினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம், அவர் ஊறுகாய் கேட்டதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

முதல் வருடம் மழையே இல்லை. தோண்டிய குழிகளில் நாய் படுத்துக் கிடந்தது. குழி வெட்டின பெண்களைப் பார்த்து ஆண்கள் சிரித்தார்கள். அடுத்த வருடம் ஆடியில் பெய்யத் தொடங்கி விடாமல் பெய்தது. வேண்டி வேண்டிக் கேட்ட மழை, ஊரை அடித்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது. அதே நாட்களில்தான் சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மயிலாத்தாளின் மகள், மலை சரியும் என்று லயத்து வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினாள். மயிலாத்தாள் மகளை நினைத்து மழையை வைதுகொண்டே, இங்கே எங்களோடு குளக்கரையில் மண்மூட்டை கட்டினாள். குளம் நிரம்பிக் கரை கசியத் தொடங்கியிருந்தது. கரை உடைந்தால் கீழ்த்தெரு போய்விடும். பகல் முழுவதும் ஊரே கரையில் நின்றது. உன் அப்பா ஒரு முனையில், பெரியப்பா ஒரு முனையில். மதியத்துக்கு மேல் மழை இன்னும் வலுத்தபோது அப்பா குரல் கொடுத்தார்: "அண்ணா, அக்கட்ட கசியுது பாருங்க." பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாத்துட்டேன். மூட்டையக் கொடு" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான். மாலைக்குள் ஒரே இடத்தில் தோளோடு தோள் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கரை நின்றது.

அதற்கடுத்த கோடையில் நம் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அதிகமில்லை. அப்பா தினமும் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்து அவர் போனபோது, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாடையின் முன்பக்கத்தைப் பெரியப்பா தூக்கினார். நீ வந்ததும் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்குத் தெரிந்தது நீ இருந்த காலத்துச் சண்டை மட்டும்தான். குளக்கரையில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உன்னிடம் போனில் சாப்பாடு, சம்பளம், வெயில் இவற்றைத் தாண்டி நாங்கள் பேசியதே இல்லையே.

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். போன கோடை மறுபடி கடுமையாக இருந்தது. பெரியப்பா போரும் மெலிந்துவிட்டது. தொட்டியில் குடிக்க மட்டும்தான் தண்ணீர். மாடு வைத்திருப்பவர்கள் தவித்தார்கள். மயிலாத்தாள் கூட்டத்தில் எழுந்து, மருமகன் உதவுவதாகச் சொல்கிறான், வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு போர் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். திருட்டுத்தனமாகப் போட்டிருக்கலாம், அப்படி யோசித்தவர்களும் ஊரில் இருந்தார்கள். அவள் கேட்டாள். அந்த வருடம் ஊர்த் தண்ணீர்க் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவருக்கு விட்டால் அடுத்த வாரம் வாய்க்கால் மேட்டில் வரிசையாக வண்டி நிற்கும் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். என் வீட்டில் மாடு இல்லை. முடியாது என்று நான் சொன்னேன். மாட்டுக்கு இரண்டு குடம் கூடுதலாகத் தரலாம் என்றும் சொன்னேன். இரண்டு குடம் ஒரு மாட்டுக்கே காணாது. அவள் "சரிங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

விற்றுவிட்ட செவலையையும் காரியையும் ஏற்ற டெம்போ வந்தபோது நான் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. செவலை ஏற மறுத்தது. மயிலாத்தாள் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டாள், அது ஏறியது. பிறகு அவள் இறங்கினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பி வைத்துக் கொடுத்தாள். இப்போது அவள் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள். எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. மாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.

இது நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில்தான் நீ கொண்டுவந்த வண்டி வாய்க்கால் மேட்டில் வந்து நின்றது. நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் கொண்டுவந்து என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தாய். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது ஊர் பாதி கூடியிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை, வழி மறிக்கவில்லை. யாராவது சண்டைக்கு வந்திருந்தால் ஒருவேளை நான் உன் பக்கம் நின்றிருப்பேன். பெற்ற வயிறு அப்படித்தான். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். என்னிடம், "அம்மிணி, உம்பட பையன். நீயே சொல்லு" என்றார். எல்லோரும் எனக்காகக் காத்து நின்றார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து மயிலாத்தாள் பேசினாள். நீ வண்டிக்காரரோடு இடம் காட்டிக்கொண்டிருந்தாய், உன் காதில் விழுந்திருக்காது.

"போட்டுக்கட்டும் உடுங்க" என்றாள். "பையன் ஆசையாக் கொண்டாந்திருக்கறான். அக்காளும் எத்தன நாளைக்குக் கொடம் தூக்குவாங்க."

அவள் குத்திக் காட்டவில்லை, கண்ணு. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். மனசாரச் சொன்னாள். அவள் அந்த இரண்டு வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தடுமாறியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்து, நாளைக்கு வரப்போகிற பெண்ணை நினைத்து, ஊர் ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்திருப்பேன். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நேராக வண்டிக்காரரிடம் போய், "தம்பி, இங்க போர் போடலீங்க. வண்டியத் திருப்பிக்குங்க. தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க, சாப்புட்டுப் போங்க" என்றேன். அவர்கள் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். வண்டியோடு வேலைக்கு வந்தவர்கள் வடநாட்டுப் பையன்கள், பாஷை தெரியாமல் சிரித்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நீ வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் கழுத்து சிவந்திருந்தது. ஊரார் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யார் முகத்திலும் வெற்றி இல்லை. பெரியப்பா உன் தோளில் கை வைக்க வந்தார், நீ விலகிக்கொண்டாய்.

உன்னை நாலு பேர் முன்னால் சின்னவனாக்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். நீயும் தனியாக என்னைக் கேட்டிருக்கலாம். அம்மா, உனக்கு என்ன வேணும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: கூரைத் தண்ணீர் இறங்குகிற குழியில் மணல் மாற்ற வேண்டும், என்னால் குனிய முடியவில்லை. பொதுத்தொட்டியிலிருந்து நம் தெருவுக்கு வருகிற குழாய் பல இடத்தில் ஒழுகுகிறது, அதை மாற்ற ஒரு ஆள் வேண்டும். துபாயில் நீ செய்கிற வேலையே குழாய் வேலைதான். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும். அவளுக்கு இது நல்லது என்று நீயாக முடிவு செய்து, கொண்டுவந்து கொட்டாதே. கேட்டுவிட்டுச் செய். அவள் கேட்பது நீ நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும், அதனாலேயே செய்வதற்குக் கஷ்டமாக இருக்கும். உன் அப்பாவும் நானும் இதைக் கற்றுக்கொள்ள ரொம்ப வருடம் ஆயிற்று.

பொள்ளாச்சியிலிருந்து பெண்ணின் அம்மா போன வாரம் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், கோடையில் அதுவும் குறையும், குளிக்கவும் துவைக்கவும் அளந்துதான் புழங்க வேண்டும் என்று உள்ளபடி சொன்னேன். சொந்தப் போர் போடும் எண்ணம் உண்டா என்றார். இல்லை என்றேன். கலந்து பேசிச் சொல்வதாகச் சொன்னார். இதுவரை சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது என் வார்த்தையால் நடந்ததாகவே இருக்கும். பொய் சொல்லி ஒரு பெண்ணை இந்த வீட்டுக்கு அழைத்துவர எனக்கு மனம் வரவில்லை. நீ என்மேல் இன்னும் கோபப்படலாம், அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது.

நாங்கள் செய்வது போதுமா என்றும் எனக்குத் தெரியாது. இந்த வருடம் மழை எப்படி வரும் என்று யாரும் சொல்ல முடியவில்லை. கிழக்கு எல்லையில் இருந்த தென்னை இந்தக் கோடையில் தலை சாய்ந்துவிட்டது, வெட்டச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் பனை வைக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறார். அவரும் நானும் அதில் நுங்கு சாப்பிடப் போவதில்லை. பக்கத்து ஊர்களில் இன்னும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் கேட்கும். பூமிக்கு அடியில் ஊர் எல்லை கிடையாது. நாங்கள் சேர்த்து வைப்பதை அவர்கள் இழுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் யோசித்தால் சில நாள் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. முறை வந்துவிட்டது என்று யாராவது வாசலில் கூப்பிடுவார்கள், எழுந்து போவேன்.

கடைசியாக ஒன்று. எனக்குப் பிறகு இந்த நிலம் உன் பேருக்கு வரும். அப்போது உன் கையைப் பிடிக்க நான் இருக்க மாட்டேன், பெரியப்பாவும் இருக்க மாட்டார். உன்னிடம் சத்தியம் எதுவும் வாங்க நான் விரும்பவில்லை. போர் போட்டே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போடு. வண்டிக்குச் சொல்லுவதற்கு முன்னால் மட்டும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, இப்படிப் போடப் போகிறேன் என்று நீயே உன் வாயால் சொல்லிவிட்டு வா. சிலர் சண்டை போடுவார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள், அதெல்லாம் உன்னால் தாங்க முடியும். கீழ்த்தெருவில் கடைசி வீட்டுக்கும் போ. மயிலாத்தாள் என்னைவிட இளையவள், அப்போதும் இருப்பாள். அவள் உன்னை உட்காரச் சொல்வாள். நீ சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, சரி, போட்டுக்க சாமி என்பாள். மாடு இல்லாத அந்தத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சரியை வாங்கிக்கொண்டு உன்னால் எழுந்து வர முடிந்தால், போட்டுக்கொள்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா